ஒற்றைக் கீழறை இதயத்தைப் பார்க்கப் பழகுவோருக்கு

எக்கோ அறைக்கும் பிறவி இதயநோய் கிளினிக்குக்கும் புதிதாக வரும் இளம் டாக்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் வாய்மொழியாகச் சொல்லிவருவதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். பிறவியிலேயே ஒரு கீழறை மட்டும் உருப்படியாக அமைந்து, சிறு வயதில் ஃபோன்டான் ஆபரேஷன் செய்துகொண்டு, இன்று இருபது, முப்பது, நாற்பது வயதில் நம் கட்டிலில் வந்து படுப்பவர்களைப் பற்றியது இது. அவர்களுடைய ஒற்றைக் கீழறை உடம்புக்கு ரத்தம் அனுப்புவதோடு சரி. நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைத் தள்ளிவிட ஆளில்லை. சிரைகளில் தேங்கும் அழுத்தத்தின் பலத்தில்தான் அது போய்ச் சேர வேண்டும். இப்படி வாழ்பவர்கள் 2018 வாக்கில் உலகம் முழுவதும் 50,000 முதல் 70,000 பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள்.

இவர்களின் வருங்காலத்தை ஒரு படமோ ஓர் எண்ணோ சொல்லிவிடாது. ரத்தம் போகும் வழி முழுவதையும் பார்த்து, அதைப் போன தடவையோடு ஒப்பிட வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு பேச்சின் விரிவுதான்.

1. ஆபரேஷன் விவரம் தெரியாமல் ப்ரோபைக் கையில் எடுக்காதீர்கள்.

ஃபோன்டான் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. பிரான்சின் போர்டோ நகரில் ஃபிரான்சிஸ் ஃபோன்டான் 1968-ல் முதன்முதலில் செய்த ஆபரேஷனில் வலது மேலறையும் ரத்தப் பாதையில் இருந்தது. அதன் பிறகு வந்த நேரடி இணைப்பில் மேலறையையே நுரையீரல் தமனியோடு சேர்த்துத் தைத்தார்கள். 1988-ல் மார்க் டி லெவால் மேலறைக்குள் ஒரு சுரங்கப் பாதை அமைக்கும் முறையை எழுதினார். 1990-ல் மார்செலெட்டி இதயத்துக்கு வெளியே ஒரு செயற்கைக் குழாயை வைத்துக் கீழ்ப் பெருஞ்சிரையை இணைத்தார். பழைய வகையில் பலூன் போல் உப்பிய மேலறை, உள்ளே புகைபோலச் சுழலும் மந்த ரத்தம், ரத்தக்கட்டி, நசுங்கும் வலது நுரையீரல் சிரை ஆகியவற்றைத் தேட வேண்டும். சுரங்க வகையில் சுவரின் ஓரத்துக் கசிவையும், குழாய் வகையில் குழாய் குறுகியிருப்பதையும் தேட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்துபோயிருந்தால் உடம்பே சொல்லும். சட்டையைக் கழற்றித் தழும்புகளைப் பாருங்கள். பழைய பிளேலாக்–டௌசிக் ஷன்ட்டுக்குத் தோள்பட்டைத் தமனியை அறுத்து எடுத்திருந்தால் அந்தக் கையில் நாடி மெலிந்திருக்கும். அங்கே எடுக்கும் பி.பி. பொய். மறு கையில் எடுங்கள்.

2. எந்தக் கீழறை என்று முதல் வரியில் எழுதுங்கள்.

மூவிதழ் வால்வே உருவாகாதவருக்கு எஞ்சியிருப்பது இடது கீழறை. அது உடம்பு முழுவதற்கும் உழைக்கவே அமைந்தது. இடப்பக்க இதயம் வளராமல் பிறந்து, 1980-களில் வழக்கத்துக்கு வந்த நார்வுட் ஆபரேஷனால் பிழைத்து வளர்ந்தவருக்கு அந்தச் சுமையை வலது கீழறை தூக்குகிறது. நீண்ட காலப் போக்கில் இந்த வித்தியாசம் எடுபடும். உறுப்புகள் இடவலம் குழம்பிய ஹெட்டரோடாக்சி இருக்கிறதா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரே பொது வால்வா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வெளியேறும் வழியையும் விடாதீர்கள். பெருந்தமனிக்கு ஒரு சிறு துளை வழியாக ரத்தம் போக வேண்டிய அமைப்பில் அந்தத் துளை வருஷக்கணக்கில் சுருங்கக்கூடும். நார்வுட் செய்தவருக்குப் பெருந்தமனி வளைவில் மறுபடி குறுகல் வரும். இரண்டு கீழறை உள்ளவர் தாங்கிக்கொள்ளும் தடை இவரைத் தடித்த, விறைத்த இதயத்துக்குக் கொண்டுபோய்விடும்.

3. இ.எஃப். நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள்.

தொடக்கக்காரர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. இ.எஃப். 55 சதவீதம் என்று எழுதிவிட்டு எழுந்துபோகிறார்கள். கால் வீங்கி, வயிறு உப்பி வந்தவருக்குக் காரணம் சொல்லாமலே அறிக்கை முடிந்துவிடுகிறது. ஃபோன்டான் தோற்கும் விதங்கள் பல. சிலருக்குக் கீழறையின் சுருங்கும் சக்தி போகிறது. சிலருக்குச் சுருக்கம் நன்றாக இருந்தும் தசை விறைத்து, நிரம்பும்போது அழுத்தம் ஏறுகிறது. சிலருக்கு அழுத்தங்கள் எல்லாம் ஓரளவு சரியாக இருக்கும்போதே நிணநீர் ஒழுகுகிறது. இன்னும் சிலருக்கு ஈரல் கெட்டு, ரத்தக்குழாய்கள் தளர்ந்து, இதயம் நிறைய ரத்தம் இறைத்தும் உடம்பு சோர்கிறது.

இந்தக் கீழறைகளின் வடிவமும் கணக்குக்கு அடங்காது. இடது கீழறைக்காக வகுத்த சூத்திரத்தை வலது கீழறையில் போட்டு வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. கண்ணால் மதிப்பிட்டதை அப்படியே சொல்லுங்கள். ஸ்ட்ரெயின் எடுக்க முடிந்தால் எடுத்து, அடுத்த வருஷம் அதே மெஷினில் எடுத்ததோடு ஒப்பிடுங்கள்.

4. வால்வுக் கசிவைக் குறைத்து எழுதாதீர்கள்.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வில் நடுத்தர அளவோ அதற்கு மேலோ கசிவு இருப்பவர்களின் ஃபோன்டான் சீக்கிரம் தோற்கிறது என்பது பல நாட்டுப் பதிவேடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். கசிவு கூடினால் கீழறை விரியும். விரிந்தால் கசிவு இன்னும் கூடும். மேலறை அழுத்தம் ஏறி, அது நுரையீரலைத் தாண்டிப் பின்னால் சிரைகள் வரை போய் முட்டும். பொது வால்வில் ஜெட் இரண்டு மூன்றாகப் பிரிந்து வருவதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தோன்றும். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.யில் கீழறை ஒரு துடிப்பில் தள்ளும் அளவிலிருந்து பெருந்தமனியில் போகும் அளவைக் கழித்துப் பாருங்கள். வால்வைச் சரிசெய்ய ஏற்ற காலம் கீழறை விரிந்து தளர்வதற்கு முன்புதான்.

5. வழியில் உள்ள ஒவ்வொரு விரற்கடையையும் பாருங்கள்.

ஏற்றமும் மோட்டாரும் இல்லாமல் வாய்க்காலில் தானாகப் பாயும் தண்ணீருக்கு ஒரு பிடி மண் போதும், கடைமடை காய்ந்துவிடும். இந்தப் பாதையும் அப்படித்தான். சாதாரண இதயத்தில் 1, 2 மி.மீ. அழுத்த வித்தியாசத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். இங்கே அது கவனிக்க வேண்டிய குறுகல். சிரை இணைப்புகள், குழாயின் உட்புறம், இரண்டு நுரையீரல் தமனிகள், நுரையீரல் சிரைகள் என்று எதையும் தாண்டாதீர்கள். புதிதாகக் கட்டிய பெரிய பெருந்தமனிக்குப் பின்னால் இடது நுரையீரல் தமனி நசுங்குவது அடிக்கடி காணப்படுவது. எக்கோவில் அந்த இடம்தான் சரியாகத் தெரியாது.

ஃபெனஸ்ட்ரேஷன் என்ற சிறு துளை திறந்திருந்தால் அதன் சராசரி டாப்ளர் வித்தியாசத்தை அவசியம் எழுதுங்கள். சிரைப் பக்கத்துக்கும் மேலறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் அதுதான். கத்தீட்டர் போடாமல் கிடைக்கும் தகவல். 5 முதல் 8 மி.மீ. வரை இருந்தால் பரவாயில்லை. அது ஏறிக்கொண்டே போனால் நுரையீரல் பக்கம் எதிர்ப்புக் கூடுகிறது அல்லது வழியில் அடைப்பு இருக்கிறது. கூடவே ஈரல் சிரையில் ரத்தம் மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது ஓட்டம் கூடினால் வழி திறந்திருக்கிறது.

6. எம்.ஆர்.ஐ. கேட்கும்போது கேள்வியையும் எழுதி அனுப்புங்கள்.

"இதய எம்.ஆர்.ஐ." என்று மட்டும் சீட்டு எழுதினால் பாதி விஷயம்தான் திரும்பி வரும். கீழறையின் கொள்ளளவு, பெருந்தமனி ஓட்டம், இரண்டு பெருஞ்சிரைகளின் ஓட்டம், இரண்டு நுரையீரல் தமனிகளின் ஓட்டம், நுரையீரல் சிரைகளின் ஓட்டம் என்று தனித்தனியே கேளுங்கள். நுரையீரல் சிரைகளில் திரும்பி வருவது தமனிகளில் போனதைவிட அதிகம் என்றால், மிச்சம் பெருந்தமனியிலிருந்து கிளைத்த கள்ளவழிகளில் போகிறது. அந்தச் சுமையும் ஒற்றைக் கீழறையின் தலையில்தான் விழும். கடோலினியம் கொடுத்து எடுக்கும்போது தசையில் தழும்பு தெரிந்தால், கீழறை தளர்வதற்கும் ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கும் அதில் சம்பந்தம் உண்டு.

பாஸ்டனிலிருந்து 2014-ல் வந்த ஆய்வில், விரிந்த நிலையில் கீழறையின் கொள்ளளவு 125 மில்லிலிட்டரைத் தாண்டியவர்களுக்கு மரணமோ இதயமாற்று அவசியமோ கூடுதலாக நேர்ந்தது. ஆனால் அந்த 125-ஐ அவர்கள் உடற்பரப்பின் 1.3 அடுக்கால் வகுத்துக் கணக்கிட்டார்கள். உங்கள் மெஷின் வெறும் உடற்பரப்பால் வகுத்துத் தரும் எண்ணை அதோடு நேராக ஒப்பிட்டால் தவறான முடிவு வரும். பழைய உலோகக் காயில், ஸ்டென்ட், பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; எதைப் படத்தில் நம்பலாம், எதற்கு சி.டி. வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

7. சி.டி.யில் தெரியும் "கட்டி"யை உடனே நம்பாதீர்கள்.

இரவு கேஷுவாலிட்டிக்கு மூச்சுத்திணறலோடு வருகிறார். கையில் கான்ட்ராஸ்ட் ஏற்றி, நுரையீரல் ரத்தக்கட்டிக்கு எடுக்கும் வழக்கமான சி.டி. எடுக்கிறார்கள். கை வழியாகப் போன கான்ட்ராஸ்ட் மேற்பெருஞ்சிரை வழியே பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரலுக்குப் போகிறது. கீழ்ப் பெருஞ்சிரையிலிருந்து வரும் கான்ட்ராஸ்ட் இல்லாத ரத்தம் மறு பக்கத்தை நிரப்புகிறது. படத்தில் ஒரு தமனி வெளுத்தும் மற்றது கறுத்தும் நிற்கும். அதைப் பெரிய ரத்தக்கட்டி என்று எழுதி, கரைக்கும் மருந்து வரை போவார்கள்.

இதற்கு இரண்டு வழிகள். கையிலும் காலிலும் ஒரே நேரத்தில் கான்ட்ராஸ்ட் ஏற்றலாம். இல்லையென்றால் ரத்தம் முழுவதும் கலக்கும் வரை ஒரு நிமிஷத்துக்கு மேல் காத்திருந்து, தாமதப் படம் எடுக்கலாம். அதிலும் கறுப்பாக நின்றால் அது கட்டிதான்; நிஜக் கட்டியும் இவர்களுக்கு வரும் என்பதை மறக்க வேண்டாம். நோயாளியின் சீட்டிலேயே "ஃபோன்டான், சி.டி. எடுத்தால் தாமதப் படம் தேவை" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அவருக்குத் துணை வரும்.

8. ஆக்சிஜன் குறைந்தால் காரணம் சொல்லாமல் விடாதீர்கள்.

"ஃபோன்டான் என்றால் கொஞ்சம் நீலம் இருக்கத்தான் செய்யும்" என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் காரணம் ஒன்று இருக்கும். அது திறந்த ஃபெனஸ்ட்ரேஷனாக இருக்கலாம். சிரையிலிருந்து மேலறைக்குப் போகும் கிளைச்சிரையாக இருக்கலாம். நுரையீரலுக்குள் தமனியும் சிரையும் நேராக ஒட்டிக்கொண்டிருக்கலாம். உப்புநீரைக் கலக்கி நுரையேற்றிக் கொடுக்கும் எக்கோவில், குமிழிகள் எந்த வழியாக, எத்தனை துடிப்புக்குப் பிறகு இடப்பக்கம் வருகின்றன என்று பாருங்கள். கையில் ஒரு முறை, காலில் ஒரு முறை செய்வது நல்லது.

ஈரலிலிருந்து வரும் ரத்தம் ஒரு நுரையீரலுக்குச் சேராவிட்டால் அங்கே இந்தக் கள்ள ஒட்டுகள் முளைக்கின்றன. கீழ்ப் பெருஞ்சிரை தடைப்பட்டுப் பிறந்து கவாஷிமா ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஈரல் சிரையை நுரையீரலுக்குத் திருப்பிவிட்டால் பலருக்கு ஆக்சிஜன் ஏறுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்தால் வழி இருக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

9. உதரவிதானத்தோடு நின்றுவிடாதீர்கள்.

ஃபோன்டான் பாதையில் சிரை அழுத்தம் 10 முதல் 15 மி.மீ. வரை வருஷக்கணக்கில் நிற்கிறது. ஈரல் அதைப் பத்திருபது வருஷம் தாங்கித் தாங்கி நாராகிறது. சிலருக்குப் புற்றுநோய் வரை போகிறது. ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை ஈரல் ஸ்கேனும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் தேவை. எலாஸ்டோகிராஃபியில் ஈரல் விறைப்பு ஏறியிருந்தால் அதில் ஒரு பங்கு நாரால், ஒரு பங்கு தேங்கிய ரத்தத்தால். ஹெபடைடிஸ்காரருக்கு வகுத்த எல்லையை இவருக்குப் போடாதீர்கள். கான்ட்ராஸ்ட்டில் பளிச்சென்று தெரியும் முடிச்சுகள் பலவும் தீங்கில்லாதவை. ஆனால் எது தீங்கில்லாதது என்று இதய டாக்டர் தனியாக முடிவு செய்யக்கூடாது, ஈரல் டாக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்புமின் குறைந்து, கால் வீங்கி, வயிற்றுப்போக்கும் இருந்தால் குடல் வழியாகப் புரதம் போகிறதா என்று பாருங்கள். அது வந்தபின் போக்கு மாறிவிடுகிறது. உடனே பாதையைத் திரும்ப ஆராய்ந்து, சரிசெய்யக்கூடிய குறுகல் உண்டா என்று தேடுங்கள்.

10. நாடி 110 என்றால் பயம் என்று எழுதாதீர்கள்.

உப்பிய மேலறை உள்ளவர்களுக்கு மேலறையில் மின்சாரம் வட்டமடித்து ஓடும் துடிப்புக் கோளாறு வரும். அதன் வேகம் மற்றவர்களுக்கு வருவதைவிடக் குறைவு. கீழறைக்கு இரண்டில் ஒன்று மட்டும் இறங்கும்போது நாடி சீராக நூற்றுப் பத்து என்று நிற்கும்; பார்ப்பவர் சாதாரண வேகம் என்று நினைத்துவிடுவார். பன்னிரண்டு லீட் ஈ.சி.ஜி. எடுத்துப் பழைய ஈ.சி.ஜி.யோடு வைத்துப் பாருங்கள். ஷாக் கொடுக்கும் முன் மேலறையில் கட்டி இல்லை என்பதை உணவுக்குழாய் எக்கோவில் உறுதி செய்யுங்கள்.

படுத்த நிலையில் எடுத்த படம், மாடிப்படி ஏறும்போது நடப்பதைச் சொல்லாது. ஆக்சிஜன் அளந்து எடுக்கும் ட்ரெட்மில் சோதனையில் உச்ச அளவு வருஷத்துக்கு வருஷம் சரிகிறதென்றால், எக்கோ எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏதோ ஓர் இடம் தோற்கத் தொடங்கியிருக்கிறது. படத்துக்கும் நோயாளிக்கும் கருத்து வேறுபட்டால் கத்தீட்டர் போட்டு அழுத்தத்தை அளந்துவிடுங்கள்.

11. ஃபோன்டானே செய்யாமல் வளர்ந்தவரை அவசரப்பட்டு முத்திரை குத்தாதீர்கள்.

நம் ஊர்களில் மேற்பெருஞ்சிரையை மட்டும் நுரையீரல் தமனியோடு இணைக்கும் கிளென் ஆபரேஷனோடு நின்றுபோனவர்களும், கத்தியே படாமல் முப்பது வயதைத் தொட்டவர்களும் வருகிறார்கள். பின்னவர்கள் பெரும்பாலும் நுரையீரல் வால்வில் அளவான குறுகல் இயற்கையாகவே அமைந்ததால் தப்பியவர்கள். குறுகல் எவ்வளவு, தமனிகள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன, கீழறை எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பாருங்கள். நுரையீரலின் எதிர்ப்பை எக்கோவால் அளக்க முடியாது. ஆபரேஷனை யோசித்தால் கத்தீட்டர் கட்டாயம். குறுகலே இல்லாமல் வளர்ந்தவருக்கு நுரையீரல் தமனிகள் இறுகிப்போயிருக்கும். அவருக்கு ஃபோன்டான் பேச்சே எடுக்கக்கூடாது. சமநிலையில் நன்றாக இருப்பவரை அப்படியே கவனமாகப் பார்த்துவருவதும் ஒரு சிகிச்சைதான்.

12. "எத்தனை வருஷம்?" என்று கேட்டால் எண் சொல்லாதீர்கள்; அடுத்த வேலையைச் சொல்லுங்கள்.

ஃபோன்டானுக்கு யார் தகுதி என்று 1970-களின் பிற்பகுதியில் ஷூஸாவும் ஃபோன்டானும் பத்து நிபந்தனைகள் வகுத்தார்கள். "பத்துக் கட்டளைகள்" என்றே அவை பேர் பெற்றன. சீரான துடிப்பு, தாழ்ந்த நுரையீரல் அழுத்தம், குறைந்த எதிர்ப்பு, போதிய அளவுத் தமனி, கசியாத வால்வு, நல்ல கீழறை எல்லாம் அதில் உண்டு. குழந்தையைத் தேர்ந்தெடுக்க எழுதிய பட்டியல் அது. இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தை பெரியவராகி வந்து நிற்கும்போதும் அவர் போக்கைத் தீர்மானிப்பவை ஏறக்குறைய அவையேதான். ஒவ்வொரு வருகையிலும் அந்தப் பட்டியலை மனதில் ஓட்டுங்கள். எது போன தடவைக்கு இப்போது வழுவியிருக்கிறது என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு எக்கோ, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. என்று பெரும்பாலான மையங்கள் வைத்திருக்கும் முறை இந்த ஒப்பீட்டுக்காகத்தான்.

எல்லாம் பொருந்தி அமைந்த "கச்சிதமான" ஃபோன்டானிலும் 15 வருஷத்தில் 73 சதவீதம் பேர்தான் உயிரோடிருப்பார்கள் என்று ஃபோன்டானே 1990-ல் கணக்கிட்டு வெளியிட்டார். இந்த ஆபரேஷன் தீர்வு அல்ல, தணிப்பு என்பதை அதைக் கண்டுபிடித்தவரே ஒப்புக்கொண்ட கட்டுரை அது. அந்தக் கணக்கு அக்காலத்து ஆபரேஷன்களுக்கானது. பிற்காலத்தில் செய்துகொண்டவர்கள் அதைவிட நன்றாக இருக்கிறார்கள். ஆகவே அந்த எண்ணை எடுத்து எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மேல் சுமத்தாதீர்கள். கல்யாணம், குழந்தை என்று பேச்சு வந்தால் கர்ப்பத்துக்கு முன்பே எக்கோ, எம்.ஆர்.ஐ., ட்ரெட்மில், ஈரல் ஸ்கேன் எல்லாம் முடித்து, அவரிடமும் அவர் சம்மதித்தால் வீட்டாரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். இதயமாற்றுக் குழுவிடம் அனுப்புவதைக் கடைசி நிமிஷத்துக்குத் தள்ளாதீர்கள். ஈரலும் புரதமும் போனபின் அனுப்பினால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

உங்கள் அறிக்கையின் கடைசிப் பத்தியில் மூன்று வரிகள் கட்டாயம் இருக்கட்டும்: போன தடவைக்கு என்ன மாறியிருக்கிறது, சரிசெய்யக்கூடியது எது, அடுத்த பரிசோதனை எப்போது.